குனிந்து கும்பிட்ட குருவிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில், யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் நடந்தது இது. அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் என் அம்மாவின் செத்தவீட்டுக்கென்று ஊரே கூடியிருந்தது. பந்தல்காரர் வந்துவிட்டார். வாடகைக் கதிரைகள் இறங்கிவிட்டன. அந்த நேரத்தில் அம்மா, கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த வானின் பின் சீற்றில் சாய்ந்திருந்து, தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகள் நான் இருந்தேன். எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஒழுங்காகச் சொல்வதென்றால் பக்கத்து வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள வீடு லண்டனில் இருக்கும் ஒருவருடையது. பல காலம் பூட்டிக் கிடந்த வீட்டை அவர் ஒரு சிங்களத் தம்பதிக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். கணவர் மாத்தறைப் பக்கத்து ஆள், யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வங்கிக்கு மாற்றலாகி வந்தவர். வரும்போது கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், மனைவிக்கு அதுவும் வராது. எங்கள் ஒழுங்கையில் யாரும் அவர்களோடு சண்டை பிடிக்கவில்லை. யாரும் அவர்கள் வீட்டுப் படி ஏறவும் இல்லை. கண்டால் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். "உவையள் எத்தினை நாளைக்கு இருக்கப் போகினம்" என்பதுதான் எல்லோருடைய வாயிலும் இருந்த கதை.

அம்மா மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. வெள்ளிக்கிழமை வடை சுட்டால் ஒரு தட்டில் வைத்து மதிலுக்கு மேலால் நீட்டுவார். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. ஒருநாள் கொக்கிஸ் பலகாரம் வரும், ஒருநாள் பாற்சோறு வரும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அம்மாவும் அந்த வீட்டு இளம் மனைவியும் பல் தெரியச் சிரிப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெரிய பெருமை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் இருந்து, இனங்களுக்கிடையே நல்லுறவு என்றால் எங்கள் வீட்டு மதிலைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்கிற மாதிரிக் கதைத்திருக்கிறேன்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, இணுவிலில் இருக்கிறார். அவருக்கு இந்தத் தட்டு விவகாரம் கண்ணில் காட்டக்கூடாது. "அக்கா, உவையளோடை கனக்கச் சேராதேங்கோ" என்று வரும்போதெல்லாம் சொல்லுவார். அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவர் சைக்கிளில் ஏறியதும் அடுத்த தட்டை எடுப்பார்.

அம்மாவுக்கு இருதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்து, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். என் அக்கா குடும்பத்தோடு கனடாவில். வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டபோது, மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடவென்று அம்மா படலைத் திறப்பைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். மாமாவுக்கு அது பெரிய மனக்குறை. நல்லகாலம், சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் திடீரென்று வந்து, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் டொக்டர். கூடவே ஒன்றைப் பலமுறை சொன்னார். அதிர்ச்சி தரக்கூடிய எதுவும் அம்மாவின் காதில் விழக்கூடாது, கண்ணில் படக்கூடாது.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் போன் எடுத்து, நாளைக்கு வருகிறோம் என்றேன். மாமாவுக்குக் காலையில் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் விடிய வானில் ஏறியதுமே வெளிநாட்டு அன்ரிமார் ஒருவர் மாறி ஒருவர் எடுக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் அம்மாவோடுதான் கதைக்க வேண்டுமாம். அம்மா நித்திரை கொள்ளட்டும் என்று போனை நிறுத்திப் பைக்குள் போட்டேன். மாமாவின் நினைவும் அதோடு பைக்குள் போய்விட்டது.

இனி ஒழுங்கையில் நடந்தது. இதைப் பிறகு பலர் கண் காது மூக்கு வைத்துச் சொன்னார்கள். நான் மூக்கை மட்டும் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா வருகிறார் என்றதும் பக்கத்து வீட்டுத் தம்பதிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கணவருக்கு ஓலை வேலை நன்றாக வரும். அவர்களுடைய ஊரில் கல்யாணமோ பெருநாளோ எதுவென்றாலும் குருத்தோலையில் பின்னிச் சோடிப்பது வழக்கம். விடுமுறை நாள்தானே என்று அதிகாலையிலேயே குருத்தோலை வாங்கி வந்து, எங்கள் படலை நீளத்துக்கும் தோரணம் கட்டிவிட்டார். பிறகு இருவரும் வெள்ளை உடுத்து, தட்டில் பூவும் எடுத்துக்கொண்டு, போயா நாளென்பதால் பின்னேரம்வரை அங்கேயே இருந்து அம்மாவுக்காகப் பூசை வைக்க நகரத்து விகாரைக்கு ஓட்டோவில் புறப்பட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் தோரணம் இரண்டு வகை என்பது அவருக்குத் தெரியாது. நல்ல காரியத்துக்குக் கட்டும் தோரணத்தில் ஓலையை நாலு குருவியாக மடிப்பார்கள், தலைகள் மேலே பார்க்கும். செத்தவீட்டுத் தோரணத்தில் மூன்று குருவி, தலைகள் கீழே பார்க்கும். எங்கள் படலையில் தொங்கிய ஒவ்வொரு ஓலையிலும் மூன்று மூன்று குருவிகள் அச்சொட்டாகத் தலைகீழாக நின்றன.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா, நாங்கள் எப்போது வருகிறோம் என்று ஏதாவது தகவல் உண்டா என அறிய சைக்கிளில் வந்திருக்கிறார். ஒழுங்கை முகப்பில் திரும்பும்போது வெள்ளை உடுப்போடு அந்தத் தம்பதி ஓட்டோவில் எதிரே போகிறார்கள். படலைக்கு வந்தால் தோரணம். மாமா சைக்கிளை விட்டுவிட்டார், அது விழுந்தது. எனக்குப் போன் எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. பிள்ளை கதைக்க ஏலாமல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சொந்த மாமனுக்குச் சொல்லாமல் அடுத்த வீட்டானுக்குச் சொல்லியிருக்கிறாள் என்ற கோபமும் துக்கத்தோடு சேர்ந்துகொண்டது. ஆனாலும் மாமா கடமை தவறாதவர். மத்தியானத்துக்குள் பந்தலுக்குச் சொல்லி, கதிரைக்குச் சொல்லி, கனடாவில் அக்காவை நித்திரையால் எழுப்பி, எல்லாம் செய்துவிட்டார்.

எங்கள் வான் ஒழுங்கைக்குள் திரும்பியபோது மதிலோரமாக வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஒழுங்கையில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டொக்டர் சொன்னது நினைவுக்கு வர, அம்மாவின் கண்ணுக்கு மறைப்பாகக் கொஞ்சம் முன்னால் சரிந்து இருந்தேன். அம்மா என் தோளைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஆருக்கடி? கிழக்கு வளவுக் கிழவனுக்கோ?"

"தெரியேல்லை அம்மா, நீங்கள் பாக்காதேங்கோ."

"பாக்காமல் எப்பிடித் தெரியும்? எங்கடை படலையிலையெல்லே சனம் நிக்குது."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. எங்கள் படலை, எங்கள் மதில், அதில் தலைகீழ்க் குருவிகள். பூட்டின வீட்டுக்குள் யார் செத்திருக்க முடியும் என்று யோசித்தேன். நான் கணக்குப் படிப்பிக்கிறவள். வீட்டில் இருப்பது இரண்டு பேர், இரண்டு பேரும் வானுக்குள் இருக்கிறோம் என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். விடை வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது.

சனம் வானைக் கண்டதும், பிரேதம் வந்துவிட்டது என்று ஒப்பாரியைக் கூட்டிவிட்டது. எதிர் வீட்டு மாமி ஓடிவந்து வானின் கதவில் இரண்டு கையாலும் அடித்தபடி, "என்ரை ராசாத்தி, என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியே" என்று கதறினார். கதவு திறந்தது. அம்மா தோடம்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நான் எங்கையும் போகேல்லை. கொஞ்சம் விலத்தும், இறங்க வேணும்."

மாமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். ஒப்பாரி ஒரேயடியாக நின்றது. பந்தல்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஏணியிலேயே நின்றார். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மாவை மேலும் கீழும் பார்த்து, கையைத் தொட்டுப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். "அக்கா, அக்கா" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. அம்மா அவருடைய தலையைத் தடவி, "அழாதை தம்பி, எனக்கு ஒண்டுமில்லை" என்றார். தன் செத்தவீட்டுக்கு வந்து தானே ஆறுதல் சொன்ன ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

மாமாவின் அழுகை தீரத்தான் மற்றது கிளம்பியது. ஆர் கட்டினது உந்தத் தோரணம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, விடியப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதைக் கண்டேன் என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தின் குரல் மாறியது. வேணுமெண்டு செய்தவன், பகிடி பண்ணியிருக்கிறான், இவ்வளவு நாளும் சிரிச்சுக்கொண்டு நிண்டது இதுக்குத்தான் என்று ஆளுக்கொரு பக்கம். எனக்குப் பயம் பிடித்தது. அம்மாவின் இருதயத்தை நினைத்து மட்டுமல்ல. அந்தப் பொடியன் இனி இந்த ஒழுங்கையில் இருக்க முடியாது என்று விளங்கியது. சிங்களவன் உயிரோடு இருக்கிற மனுசிக்குச் செத்தவீட்டுத் தோரணம் கட்டினான் என்ற கதை நாளைக்குச் சுன்னாகம் சந்தை வரைக்கும் போய்விடும். அதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது.

சரியாக அந்த நேரம் பார்த்து அவர்களுடைய ஓட்டோ வந்து நின்றது. வெள்ளை உடுப்போடு இருவரும் இறங்கினார்கள். ஒழுங்கை நிறையச் சனத்தையும், நடுவே அம்மாவையும் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவை வரவேற்கத்தான் ஊரே திரண்டு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டு நேரே வந்து சொன்னார்.

"அம்மா வந்தது. சந்தோசம். நான்தான் கட்டினது. வடிவா இருக்கா?"

மாமா பாய்ந்து அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தார். மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய வீடும் வளவும் வலிகாமம் வடக்கில் பல வருடங்களாக இராணுவத்தின் கையில் இருந்தன. திரும்பக் கிடைத்தபோது வீடு நின்ற இடத்தில் பற்றைதான் இருந்தது. அத்தனை வருடமும் வாடகை வீட்டில் இருந்து சேர்த்து வைத்த கோபம் முழுவதும் அன்று அந்தக் கையில் இருந்தது. "உயிரோடை இருக்கிற மனிசிக்கு உது கட்ட உனக்கு என்ன துணிவடா" என்றார். பொடியனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அவருடைய மனைவி வெறும் பூத்தட்டோடு அவருக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"தம்பி, கையை எடு" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை, சத்தம் போடும் நிலையில் அவர் இல்லை. யாரோ கதிரை கொண்டுவந்து வைக்க, அதில் இருந்துகொண்டு பொடியனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மோனை, உதை எங்கை பாத்துக் கட்டினனீர்?"

என்னுடைய சிங்களம், அரசாங்க உத்தியோகத்துக்காக வகுப்புக்குப் போய்ப் படித்தது. பஸ்ஸில் இடம் கேட்கவும் விலை விசாரிக்கவும் காணும். அதை வைத்துக்கொண்டு நான் மொழிபெயர்த்தேன். அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அதற்கு முந்தின மாதம் ஒழுங்கைக் கடைசி வீட்டில் காலமான ஓய்வுபெற்ற அதிபரின் வீட்டுப் படலை. அன்று இவரும் போய்த் தெருவோரமாகக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். செத்தவீடு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஓலை துக்கத்துக்கு உரியது என்று தெரியாது. அவர்களுடைய ஊரில் துக்க வீட்டுக்கு அடையாளம் வெள்ளைக் கொடிதான். மரியாதைக்குரிய ஒரு பெரியவருக்கு ஊர் செய்யும் சோடனை என்று எண்ணி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு மடிப்பாகப் பழகியிருக்கிறார்.

"குருவியளை ஏன் தலைகீழாய் விட்டனீர்?" என்று அம்மா கேட்டார்.

இதற்கு அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டு கையையும் கூப்பி, தலையை நன்றாகக் குனிந்து காட்டினார்.

"குருவி கும்பிடுது. அம்மாவை கும்பிடுது."

அவர்களிடம் பெரியவர்களைக் கண்டால் குனிந்து விழுந்து கும்பிடுவது வழக்கம். அந்தக் குருவிகளின் குனிந்த தலையை அவர் அப்படித்தான் கண்டிருக்கிறார். மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அம்மாவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. ஐயோ, ஏதோ ஆகிவிட்டது என்று நான் ஓடினால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு, "சிரிக்கப் பண்ணாதேங்கோ, தையல் நோகுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எதிர் வீட்டு மாமி தொடங்க, பந்தல்காரர் தொடங்க, ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. பொடியன் மட்டும் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் வெளிறிப்போனது. அப்படியே முழங்காலில் விழுந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மா திடுக்கிட்டுக் காலை இழுத்தார், பிறகு அவருடைய தலையில் கை வைத்தார்.

"எழும்பும் மோனை. சாகாமலே என்ரை செத்தவீட்டைக் கண்ணாலை பாத்திட்டன். இந்தக் கொடுப்பினை ஆருக்குக் கிடைக்கும்?"

தோரணத்தை மாமாவே அறுத்து எடுத்தார். நல்ல தோரணம் ஒன்று கட்டாமல் அம்மா படலைக்குள் போகக்கூடாது என்று கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அங்கேதான் அடுத்த வேடிக்கை. நாலு குருவி என்றார் ஒருவர். ஓலையை எந்தப் பக்கம் கிழிப்பது என்று கேட்டார் மற்றவர். மிச்சமிருந்த குருத்தில் ஆளுக்கொன்றை எடுத்து மடித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை. இவ்வளவு கோபப்பட்ட எங்களில் ஒருவருக்கும் அதைக் கட்டத் தெரியாது. எல்லோரும் காலகாலமாகச் சொல்லிக் கட்டுவிக்கிற ஆட்கள். கடைசியில் நாலு, மேலே என்று நான் விரலால் காட்ட, பொடியன் நிலத்தில் இருந்து மளமளவென்று மடித்தார். குருவிகள் நிமிர்ந்து நின்றன. அதற்குக் கீழால்தான் அம்மா வீட்டுக்குள் போனார்.

வந்த சனம் போகவில்லை. செத்தவீட்டு அடுப்பு எரியக்கூடாது என்று அயல்வீடுகளில் சமைத்த சாப்பாடு வந்துகொண்டிருந்தது, கதிரையும் இருந்தது. அம்மா நடுவில் இருந்து விசாரணை தொடங்கினார். ஆர் ஆர் அழுதது, ஆர் சும்மா சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றது எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். எதிர் வீட்டு மாமியிடம், "என்ன சொல்லி அழுதனி, திருப்பிச் சொல்லு" என்றார்.

"தங்கமான மனிசி எண்டு சொன்னனான்" என்றார் மாமி வெட்கத்தோடு.

"அதை இவ்வளவு நாளும் என்ரை முகத்துக்கு நேரை ஏன் சொல்லேல்லை?"

கனடாவுக்கு வீடியோவில் எடுத்தோம். அக்கா அழுது வீங்கின முகத்தோடு அம்மாவைக் கண்டு அலறி, பிறகு சிரித்து, மறுபடி அழுதார். பேஸ்புக்கில் கண்ணீர் அஞ்சலி போட்டாயிற்று. அம்மாவின் கவலையெல்லாம் அதற்கு அக்கா போட்ட படத்தைப் பற்றித்தான். அந்தச் சேலை தனக்கு எடுப்பாக இல்லையாம்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளை கணவனின் காதில் ஏதோ சொன்னார். அவர் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். அவர்கள் குடிவந்த முதல் வாரம், ஒருநாள் காலையில் கேற் தூணில் எலுமிச்சை மாதிரிச் சின்னத் தேசிக்காய் ஒன்று இருந்ததாம், குங்குமம் பூசி. அவர்களிடம் வாசலில் இப்படித் தேசிக்காய் இருந்தால் சூனியம். யாரோ தங்களைத் துரத்தச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளை பல நாட்கள் வெளியே வராமல் அழுதாராம். பிக்குவைக் கூப்பிட்டுக் காப்புக்குப் பிரித் ஓதி, தேசிக்காயைப் பண்ணைக் கடலில் எறிந்துவிட்டு வந்தார்களாம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, அது நான் வைச்சது. புதுசாய் வந்திருக்கிற பிள்ளையள் நல்லாயிருக்க வேணுமெண்டு இணுவில் கந்தசாமியாருக்கு அருச்சனை செய்து கொண்டுவந்தனான். நீங்கள் வீட்டிலை இல்லை எண்டு தூணிலை வைச்சிட்டு வந்தன்."

ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மாமாவுக்கு அடக்க முடியவில்லை. "அருச்சனைத் தேசிக்காயைக் கடலிலை விட்டிட்டாங்களோ" என்று சொல்லிப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். பொடியனும் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். அந்தப் பிள்ளை எழுந்து வந்து, விகாரையில் வாங்கிய பிரித் நூலை அம்மாவின் கையில் கட்டிவிட்டார்.

இத்தோடு சுபம் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. அவர் வேலைக்குப் போவது வருவது தெரியாது. ஒருநாள் மதிலடிக்கு வந்து, நகரத்தில் வேறு வீடு பார்ப்பதாக என்னிடம் சொன்னார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுதான், இன்னும் என்ன பிழை செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றார். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, அடுத்த நாள் பின்னேரம் மாமா வந்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. எங்கள் படலையைத் தாண்டிப் பக்கத்துப் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, மணியை அடித்துக்கொண்டு நின்றார். பொடியன் பயந்து பயந்து வந்தார். என்னையும் கூப்பிட்டார் மாமா.

"அடுத்த மாதம் என்ரை புது வீட்டுக் குடிபூரல் எண்டு சொல்லு. குருத்து நான் வெட்டித் தருவன். தோரணத்துக்கு ஆள் வேணும், வருவாரோ எண்டு கேள்."

நான் சொன்னேன். பொடியன் மாமாவைப் பார்த்தார். பிறகு, "பிழைச்சா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"பக்கத்திலைதானே நிப்பன். பிழைச்சாச் சொல்லுவன்" என்றார் மாமா.

அவர்கள் வேறு வீடு பார்க்கவில்லை. குடிபூரலுக்கு அம்மாவும் நானும் அவர்களோடு சேர்ந்துதான் போனோம். பற்றை பிடித்துக் கிடந்த வளவில், புதிதாய்க் கட்டிய சின்ன வீட்டுக்கு முன்னால், அவர் ஏணியில் நின்று கட்டினார். மாமா கீழே நின்று ஒவ்வொரு குருவியாக எண்ணிக்கொண்டிருந்தார். ஆர் உந்தப் புது ஆள் என்று வந்த ஒருவர் கேட்டபோது, "எங்கடை ஆள்தான்" என்றுவிட்டு மாமா தொடர்ந்து எண்ணினார். மாமா மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய கோபம் நியாயமானது, அது இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் பக்கத்து வீட்டுப் பொடியன் இப்போது இல்லை.

ஒரு வருடம் முழுவதும் மதிலுக்கு மேலால் தட்டு மாற்றிக்கொண்டு, நன்றாகப் பழகுகிறோம் என்று பெருமைப்பட்டிருந்தேன். உண்மையில் தட்டுகள்தான் கதைத்துக்கொண்டன, நாங்கள் கதைக்கவில்லை. ஒருவர் வாசலில் தொங்குவது சந்தோஷமா துக்கமா, ஒருவர் தூணில் வைத்தது வாழ்த்தா சூனியமா என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் அடுத்தடுத்த வீட்டில் இருந்திருக்கிறோம். இப்போது தெரியாதது எதைக் கண்டாலும், இது உங்களிடம் எதற்கு என்று கூச்சமில்லாமல் கேட்டுவிடுகிறேன். அவர்களும் கேட்கிறார்கள். இந்தச் சின்ன விசயத்தைப் பழக எங்கள் ஒழுங்கைக்கு ஒரு செத்தவீடு தேவைப்பட்டது. நல்லகாலம், அந்தச் செத்தவீட்டில் யாரும் சாகவில்லை.